விளையாட்டில் கோடிகள் யாருக்குக் கிடைக்கின்றன? பெற்றோர் அறிய வேண்டிய கணக்கு

விடுமுறை வந்துவிட்டால் கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என நம் கடற்கரை ஊர்களின் திடல்கள் மாலையில் நிறைந்துவிடுகின்றன. கிரிக்கெட், கால்பந்து, வாலிபால், கபடி எல்லாம் நடக்கின்றன. நன்றாக ஆடும் பிள்ளையைப் பார்த்து, "இவனை இதிலேயே விட்டுவிடலாமா?" என்று யோசிக்கும் வாப்பாமார் இருக்கிறார்கள். "படிப்பு கெட்டுப்போகுமே" என்று கவலைப்படும் உம்மாமாரும் இருக்கிறார்கள். ஐபிஎல் ஏலத்தில் ஒரு வீரர் 27 கோடிக்குப் போனார் என்ற செய்தி வந்தால் அந்த ஆசையும் கவலையும் இன்னும் கூடுகின்றன.

எந்த விளையாட்டில் எவ்வளவு பணம் இருக்கிறது, அது எங்கிருந்து வருகிறது, எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுத்தால் பிள்ளையின் வாழ்க்கைக்கு நல்லது.

ஒரே மாநிலம், இரண்டு வீரர்கள்

ஹைதராபாத்தில் ஆட்டோ ஓட்டியவரின் மகன் முஹம்மது சிராஜ். 2017 ஐபிஎல் ஏலத்தில் சன்ரைசர்ஸ் அணி அவரை 2.6 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2025 சீசனுக்கு குஜராத் டைட்டன்ஸ் கொடுத்த விலை 12.25 கோடி.

அதே தெலங்கானாவின் நிஜாமாபாத்தைச் சேர்ந்த முஸ்லிம் பெண் நிகத் ஜரீன். குத்துச்சண்டையில் 2022, 2023 என இரண்டு முறை உலக சாம்பியன் ஆனவர். 2023இல் தங்கம் வென்றதற்குக் கிடைத்த பரிசு 1 லட்சம் டாலர், அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 82 லட்சம் ரூபாய். உலகத்தையே வென்றவரின் பரிசு, சிராஜின் ஒரு சீசன் தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2024இல் தெலங்கானா அரசு இருவருக்கும் டிஎஸ்பி பதவி கொடுத்தது. அரசின் பார்வையில் இருவரும் சமம். சந்தையின் பார்வையில் அப்படி இல்லை.

தமிழ்நாட்டிலும் இதைப் பார்த்தோம். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் சென்னையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். தமிழ்நாடு அரசு அவருக்கு 1 கோடி ரூபாய் வழங்கியது. அடுத்த மாதமே செஸ் உலக சாம்பியனான குகேஷுக்கு அரசு 5 கோடி அறிவித்தது. போட்டியில் கிடைத்த பரிசு மட்டுமே ஏறக்குறைய 11 கோடி. கேரம் நம் தெருக்களில் எல்லோருக்கும் தெரிந்த ஆட்டம். ஆனால் காசு கொடுத்து அதைத் தொலைக்காட்சியில் காட்டுவதற்கு ஆளில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது?

வீரரின் சம்பளத்தில் பெரும்பகுதி டிக்கெட் காசிலிருந்து வருவதில்லை. ஒளிபரப்பு உரிமையிலிருந்தும், அதைப் பார்ப்பவர்களிடம் பொருளை விற்க நினைக்கும் நிறுவனங்களிடமிருந்தும் வருகிறது.

2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. ஒரு ஆட்டத்துக்குக் கணக்கிட்டால் சுமார் 118 கோடி. புரோ கபடி லீக்கின் 2021 முதல் 2025 வரையிலான ஐந்தாண்டு உரிமை சுமார் 908 கோடி. அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 180 கோடி. ஐபிஎல்லின் இரண்டு ஆட்டங்களுக்கு வரும் பணம், கபடியின் முழு ஆண்டுப் பணத்தை விட அதிகம்.

சம்பளமும் அப்படியே பிரிகிறது. 2025 சீசனுக்கு ரிஷப் பந்த் 27 கோடிக்கு ஏலம் போனார். கபடியில் பவன் செஹ்ராவத் 2023இல் பெற்ற 2.605 கோடி பெரிய சாதனையாகப் பேசப்பட்டது. அதே ஏலத்தில் ஈரானைச் சேர்ந்த முஹம்மதுரெஸா ஷாத்லூயி 2.35 கோடி பெற்றார். கபடி வீரர் கிரிக்கெட் வீரரைவிடக் குறைவாக உழைக்கிறார் என்று யாரும் சொல்ல முடியாது. பார்க்கும் கூட்டமும் விளம்பரம் கொடுக்கும் நிறுவனமும்தான் தொகையைத் தீர்மானிக்கின்றன.

பெண்களுக்கும் இந்த விதிதான். 2022இல் இந்திய கிரிக்கெட் வாரியம் ஆண், பெண் இருவருக்கும் சமமான ஆட்டக் கட்டணத்தை அறிவித்தது: டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20க்கு 3 லட்சம். ஆனால் 2023இல் நடந்த முதல் மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில் அதிக விலை ஸ்மிருதி மந்தனாவுக்குக் கிடைத்த 3.4 கோடிதான்.

சம்பளம் வேறு, விளம்பரம் வேறு

ரியாத்தின் அல் நஸ்ர் அணிக்கு ஆடும் கிறிஸ்டியானோ ரொனால்டோ, ஃபோர்ப்ஸ் இதழின் 2025 கணக்குப்படி ஓராண்டில் ஈட்டியது 27.5 கோடி டாலர். அதில் 22.5 கோடி ஆடியதற்காக வந்தது. 5 கோடிதான் விளம்பரம் போன்றவற்றில் வந்தது. 2020இல் அதே பட்டியலில் முதலிடம் பிடித்த டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரரின் கணக்கு தலைகீழ். 10.63 கோடி டாலரில் 10 கோடி விளம்பரத்தில் வந்தது.

காரணம் எளிது. அணி விளையாட்டில் கிளப் மாதச் சம்பளம் கொடுக்கிறது. டென்னிஸ், பேட்மின்டன் போன்ற தனிநபர் ஆட்டங்களில் போட்டியில் எவ்வளவு தூரம் முன்னேறுகிறார் என்பதைப் பொறுத்தே பரிசு. பயிற்சியாளர், பயணம், மருத்துவம் என எல்லாச் செலவுக்கும் வீரரே வழி தேட வேண்டும். நம் பி.வி.சிந்து 2018இல் ஈட்டியதாக ஃபோர்ப்ஸ் கணித்த 85 லட்சம் டாலரில் பரிசுப் பணம் 5 லட்சம் மட்டுமே.

விளம்பரம் முதல் ஓரிரு இடங்களில் இருப்பவரைத்தான் தேடி வரும். ஐம்பதாவது இடத்தில் இருப்பவரும் அதே அளவு ஓடி வியர்வை சிந்துகிறார். அவர் முகம் எந்தப் பலகையிலும் வராது.

ஏணியின் கீழ்ப்படிகள்

2025 சீசனுக்கான ஐபிஎல் ஏலத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் 1,574 பேர். விலை போனவர்கள் 182 பேர், அதிலும் 62 பேர் வெளிநாட்டவர். 

கிரிக்கெட்டில் ஒரு நன்மை, நடுப்படிகளிலும் காசு இருக்கிறது. ரஞ்சி அணியில் களமிறங்கும் புதியவருக்கு நாளொன்றுக்கு 40,000 ரூபாய், அனுபவம் கூடினால் 60,000 வரை. டிஎன்பிஎல் மூலம் மேலே வந்தவர்களும் உண்டு. 2023 டிஎன்பிஎல் ஏலத்தில் சாய் சுதர்சனுக்குக் கிடைத்தது 21.6 லட்சம், 2025 சீசனுக்கு குஜராத் அணி அவரை 8.5 கோடிக்குத் தக்கவைத்தது. கபடியில் 2024 ஏலத்தின் கடைசிப் பிரிவு வீரருக்கு அடிப்படை விலை 9 லட்சம்.

மற்ற ஆட்டங்களில் நிலைமை நிச்சயமற்றது. 2025இல் ஐஎஸ்எல் கால்பந்து லீக்கின் உரிமை ஒப்பந்தம் இழுபறியானபோது பெங்களூரு அணி வீரர்களின் சம்பளத்தை நிறுத்திவைத்தது. சென்னையின் எஃப்சி தன் செயல்பாடுகளையே தற்காலிகமாக நிறுத்தியது. நாட்டின் முதல்நிலை லீக்கில் ஆடியவர்களுக்கே இந்த நிலை.

நம் கடலிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1994இல் தமிழகச் சிறுவன் குற்றாலீஸ்வரன் 12 வயதில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். பிறகு அர்ஜுனா விருதும் பெற்றார். ஆனால் செலவைத் தாங்க ஸ்பான்சர் அமையாததால் நீச்சலை விட்டுவிட்டுப் பொறியியல் படிக்கப் போனார். கடலைக் கடந்த சிறுவனைக் கரையேற்றியது படிப்புதான்.

எந்தப் பணம் நமக்கு ஆகும்?

விளையாட்டை இஸ்லாம் தடுக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதும், ருகானாவுடன் மல்யுத்தம் செய்ததும் ஹதீஸ்களில் வருகின்றன. ஆனால் வரும் பணத்தின் வழியைப் பார்க்கச் சொல்கிறது. மதுவையும் சூதாட்டத்தையும் சூரா அல்மாயிதாவின் 90ஆம் வசனம் சேர்த்தே தடுக்கிறது.

விளையாட்டு விளம்பரத்தில் இந்த வழிகளிலும் பணம் வருகிறது. தென்னாப்பிரிக்காவின் ஹாஷிம் ஆம்லா மதுபான நிறுவனத்தின் சின்னத்தைத் தன் சட்டையில் அணிய மறுத்தார். நியூசிலாந்து ரக்பி வீரர் சோனி பில் வில்லியம்ஸ் 2017இல் வட்டி வங்கியின் பெயரைச் சட்டையில் மறைத்து ஆடி, பின்னர் விலக்கும் பெற்றார். இருவரின் ஆட்டமும் இதனால் குறையவில்லை.

இந்திய அணியின் சட்டையில் இருந்த டிரீம்11 பெயரும், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டம் 2025 ஆகஸ்டில் வந்ததும் போய்விட்டது. திடலில் ஆடாமல் செல்போனில் பந்தயம் கட்டும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருந்தால் இதைச் சொல்லிக் கண்டிக்க வேண்டும்.

உள்ளூர்ப் போட்டிகளிலும் கவனம் தேவை. அணிகளிடம் வாங்கிய நுழைவுக் கட்டணத்தையே வென்றவருக்குப் பரிசாகக் கொடுப்பது சூதாட்டத்தில் சேரும் என்று ஆலிம்கள் பலர் கூறுகின்றனர். போட்டியில் கலந்துகொள்ளாத ஒருவர் பரிசைக் கொடுத்தால் அந்தச் சிக்கல் இல்லை. போட்டி நடத்தும் இளைஞர்கள் தங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறட்டும்.

பெற்றோர் செய்யக்கூடியவை

திறமை இருந்தால் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் விடாமல் முடிக்க வையுங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் படிப்பும் பயிற்சியும் சேர்ந்தே கிடைக்கின்றன. அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கும் கல்வித் தகுதி வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழும் வேண்டும். ஊர்க் கோப்பைகளோடு நின்றுவிடாமல் பள்ளி, மாவட்டப் போட்டிகளில் ஆட வைத்துச் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். பணம் கேட்டு அணியில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

பெண் பிள்ளைகளுக்கும் இவை பொருந்தும். ஆட்டோ ஓட்டும் வாப்பாவின் மகளான காசிமா உலக மேடை வரை சென்றார்.

ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. முயற்சியும் விசாரணையும் நம் கையில். நம் பிள்ளைகளுக்கு உடல் நலத்தையும், பயனுள்ள கல்வியையும், ஹலாலான வருமானத்தையும் அல்லாஹ் தருவானாக. ஆமீன்.