கோமுகி அணை நிரம்பினால் யார் பொறுப்பு?

கல்வராயன் மலையில் கொட்டும் கனமழை, கள்ளக்குறிச்சி மாவட்டம் வடக்கனந்தல் பேரூராட்சியை அடுத்த கோமுகி அணைக்கு வந்து சேர்கிறது. 46 அடி உயர அணை நிரம்பும் தறுவாயில் உபரிநீரைத் திறப்பது நீர்வளத்துறை. கரையோர மக்களை முகாமுக்கு அனுப்புவது வருவாய்த்துறை. தேங்கிய நீரை வடியவைத்து, பிளீச்சிங் பவுடர் தூவுவது பேரூராட்சி. மழை வருமென்று முன்கூட்டியே சொல்லும் வானிலை மையம் மட்டும் மத்திய அரசுடையது.

இந்த வேலைகளுக்குச் சட்ட வடிவம் தந்தது 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். தேசிய ஆணையத்துக்குப் பிரதமரும் மாநில ஆணையத்துக்கு முதல்வரும் மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரும் தலைவர்கள். மாவட்ட ஊராட்சித் தலைவர் இணைத் தலைவர் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் எல்லோரும் பார்ப்பது கலெக்டரின் முகத்தைத்தான். அரக்கோணத்தில் முகாமிட்டிருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படை, மாநிலம் கேட்டால் வரும். அதுவரை தீயணைப்புத் துறையும் உள்ளூர் இளைஞர்களுமே துணை.

வெள்ளம் வடிந்ததும் முக்கியமானவர் வி.ஏ.ஓ. எந்தக் குடிசையின் சுவர் விழுந்தது, யாருடைய ஆடு செத்தது என்று அவர் எழுதுவதுதான் தாசில்தார் வழியாக மேலே போகிறது. பயிர்ச் சேதத்துக்கு வேளாண் துறையும் சேர்ந்து வயலில் இறங்கிப் பார்க்க வேண்டும். 2024 ஃபெஞ்சல் புயலின்போது சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய், மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 என்று மாநில அரசு அறிவித்தது. கள்ளக்குறிச்சி உள்ளிட்ட மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைதாரர்களுக்கு 2,000 ரூபாய் ரொக்கம் தனி.

பணம் என்று வரும்போதுதான் சச்சரவு. மாநிலப் பேரிடர் நிதியில் மத்திய அரசு 75 விழுக்காடும் தமிழ்நாடு 25 விழுக்காடும் போடுகின்றன. அது போதாதபோது தேசிய நிதியிலிருந்து கேட்கலாம். ஃபெஞ்சலுக்கு இடைக்கால உதவியாகத் தமிழ்நாடு 2,000 கோடி கேட்டது. டிசம்பர் 6-ஆம் தேதி மத்திய அரசு விடுவித்த 944.80 கோடியோ, புயலே வராவிட்டாலும் மாநில நிதிக்கு வரவேண்டிய மத்தியப் பங்கு. தேசிய நிதியிலிருந்து 522.34 கோடிக்கு ஒப்புதல் கிடைத்தது 2025 ஏப்ரலில். 'கொடுத்தோம்', 'கொடுக்கவில்லை' என்று இரு தரப்பும் பேச இந்தக் கணக்கே இடம் தருகிறது.

பொறுப்பு மாவட்ட எல்லையோடும் முடிவதில்லை. கோமுகி நீர் மணிமுக்தாற்றில் கலந்து கடலூர் மாவட்டத்துக்குள் போகிறது. அங்கேயும் முன்னரே தகவல் சொல்லியாக வேண்டும். பொதுமக்கள் தங்கள் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலும் மாநில அறையை 1070 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.