மலைக்கு மலை – 6: கம்போங் ராஜாவில் ஏழு, நுவரெலியாவில் நாலரை

மலேசியாவின் கேமரன் மலையின் வடகோடியில், தேயிலையும் காய்கறித் தோட்டமும் சூழ்ந்த கம்போங் ராஜாவில் காலை ஏழு மணி என்றால், இலங்கையின் நுவரெலியாவில் நாலரை. இரண்டரை மணி நேர வித்தியாசம் என்று கைபேசியே சொல்லிவிடும். சூரியனைக் கேட்டால் கணக்கு வேறு. கம்போங் ராஜா சுமார் 101.4 பாகைக் கிழக்கில் இருக்கிறது, நுவரெலியா 80.8இல். பாகைக்கு நான்கு நிமிடம் என்று பெருக்கினால் இரு ஊர் உச்சிப்பொழுதுக்கும் இடையே 82 நிமிடம்தான் வருகிறது. மிச்சமுள்ள ஒரு மணி எட்டு நிமிடம் அரசாங்கங்கள் உண்டாக்கியது.

அதற்குப் பொறுப்பு மலேசியாதான். 1942இல் ஜப்பானியர் வந்ததும் மலாயாவின் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்கு ஓடின. போர் முடிந்ததும் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முன்னால் என்ற பழைய நேரம் திரும்பியது. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை ஆனதும் பன்னிரண்டு என்று திருத்தி, 1982 பிறந்துவிட்டதாக வைத்துக்கொண்டார்கள். சபா, சரவாக்கோடு நாடு முழுக்க ஒரே நேரம் இருக்க வேண்டும் என்பது மகாதீர் அரசின் விருப்பம். சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. அதனால் கம்போங் ராஜாவில் சூரியன் உச்சிக்கு வரும்போது மணி ஒன்றேகால் ஆகிறது. விடிவது ஏழு மணி வாக்கில். பள்ளிப் பிள்ளைகள் இருட்டில் கிளம்புகிறார்கள்.

நுவரெலியாவில் உச்சிப்பொழுது பன்னிரண்டைத் தாண்டி ஏழெட்டு நிமிடத்தில். கடிகாரமும் சூரியனும் இவ்வளவு ஒத்துப்போகும் மலை அது. அதையும் அரசு விட்டுவைக்கவில்லை. 1996இல் மழை பொய்த்து மின்வெட்டு வந்தபோது கொழும்பு அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. அந்த ஆண்டே அரை மணி பின்வாங்கியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டதால் ஒரு தீவுக்குள் இரண்டு நேரம். 2006 ஏப்ரலில்தான் பழையபடி கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் என்ற நேரத்துக்குத் திரும்பினார்கள். தேயிலை இருக்கும் இடத்தில் கடிகாரத்தோடு விளையாடுவது புதிதல்ல. அசாம் தோட்டங்களில் இன்றும் இந்திய நேரத்துக்கு ஒரு மணி முன்னால் ஓடும் ‘பாகான் டைம்’ உண்டு.

ஆனால் ஊரின் குணத்தைக் கடிகாரம் சொல்லாது, வேலை சொல்லும். நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேல் மலையகத் தமிழர். அங்கே பெண்ணின் நாளைத் தராசு அளக்கிறது. காலையில் ஆளெடுக்கும் பெரட்டு, மலை ஏறுதல், கொழுந்து, நிறுவை. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. 1948இல் குடியுரிமை இழந்து, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பல லட்சம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேற நேர்ந்த சனம் அது; எஞ்சியவர்களில் பலருக்கு இன்றும் தோட்டத்து வரிசை வீடான லயம்தான் வீடு.

கேமரன் மலைத் தமிழர் வேறு வழி போனார்கள். இங்கே கொழுந்தைக் கத்தரியும் இயந்திரமும் வெட்டுகின்றன. பிடித்திருப்பவர் பெரும்பாலும் வங்காளதேசத்தவரோ நேபாளியோ. தமிழர் பலர் காய்கறி, லாரி, கடை என்று இறங்கிவிட்டார்கள். நெகிழிக் கூரைகளுக்குள் விளைவது சிம்பாங் பூலாய் சாலை வழியே ஈப்போவுக்கும் அதற்கப்பாலும் போகிறது. சந்தை திறக்கும் நேரத்துக்கு லாரி போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். சூரியன் எப்போது வந்தால் என்ன? தராசுக்குக் கட்டுப்பட்ட வாழ்க்கையைவிட லாரிக்குக் கட்டுப்பட்ட வாழ்க்கை தேவலாம் என்பேன். லாரியை ஒருநாள் சொந்தமாக வாங்கலாம். தராசு என்றைக்கும் தோட்டத்துடையது.

ஒரு வேண்டுகோள். கம்போங் ராஜா பக்கமிருந்து நுவரெலியா சொந்தபந்தங்களை அழைப்பவர்கள் மாலை ஏழுக்கு அழைக்காதீர்கள். அங்கே நாலரை, கொழுந்துக் கூடையோடு நிறுவைக்கு நிற்பார்கள். ஒன்பதுக்கு மேல் அழையுங்கள், வீடு வந்திருப்பார்கள்.

(தொடரும்)