புதுமாவும் பழம்புளிப்பும்

ஒரு நாட்டின் மண்ணையும் வானிலையையும் அந்நாட்டார் உண்ணும் உணவைக் கொண்டே அறிந்துகொள்ளலாம். நெல் விளையும் நாட்டிற்குச் சோறும், கோதுமை விளையும் நாட்டிற்கு ரொட்டியும் அமைந்தன. கோதுமை எளிதில் செழிக்காத வட ஐரோப்பியக் குளிர்நிலங்களில் மக்களை வாழவைத்தது ரை என்னும் தானியம். பின்லாந்து, ருஷ்யா, போலந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளில், மணற்பாங்கான வளமற்ற நிலத்திலும் விளைந்து, கடுங்குளிரையும் தாங்குவது அது. அதனை வீட்டிலேயே அரைத்து, வீட்டிலேயே சுடும் கருநிற ரொட்டியைப் பற்றி நம் குடும்பத்தினருக்குச் சில செய்திகள் கூற விரும்புகிறோம்.

வடநாட்டு நகரங்களில் வாழும் நம்மவர்க்குச் சக்கியில் அப்போதே அரைத்த மாவின் அருமை தெரிந்ததே. முழுத் தானியத்தின் முளைக்கருவில் எண்ணெய் உண்டு. அரைத்த மாவு காற்றுப்பட்டு நாட்கள் செல்லச் செல்ல அவ்வெண்ணெய் காறிப்போகும், மணமும் குன்றும். ஆதலால் வேண்டிய அளவே அரைத்து, சூடு ஆறியதும் பயன்படுத்துவது நல்லது.

எனினும் புதுமாவு மட்டும் ரை ரொட்டிக்குப் போதாது. கோதுமை மாவைப் பிசைந்தால் அதன் புரதம் இழுபடும் பசையாகிக் காற்றைப் பிடித்துக்கொள்ளும். ரை மாவில் அத்தகைய பசை சரிவர உருவாவதில்லை. அதிலுள்ள நார்ப்பொருளே நீரை ஈர்த்து மாவைத் தாங்குகிறது. மேலும், ரொட்டி வேகும்போது அம்மாவின் நொதிகள் மாச்சத்தைச் சிதைத்து, உட்பகுதியைப் பிசுபிசுப்பாக்கிவிடும். அந்நொதிகளை அடக்கி வைப்பது புளிப்பு. நம் இட்லி மாவைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமில நுண்ணுயிர்களின் இனத்தவையே ஈண்டும் பணி புரிகின்றன. ஆகவே புளிப்பு வெறும் சுவைக்காக ஏற்பட்டதன்று.

செய்முறை எளிது. 50 கிராம் ரை மாவை 50 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான நீரில் கலந்து மூடி வையுங்கள். நாள்தோறும் பாதியை நீக்கி, அதே அளவு மாவும் நீரும் சேர்த்து வந்தால், ஏறக்குறைய 5 நாட்களில் நுரைத்துப் புளிமணம் வீசும். குளிர்காலமாயின் மேலும் சில நாட்கள் ஆகும். இப்புளிமாவில் 50 கிராம் எடுத்து, 250 கிராம் மாவும் 250 மில்லிலிட்டர் நீரும் கலந்து இரவு முழுதும் வைத்திருங்கள். காலையில் ஒரு கைப்பிடியை அடுத்த முறைக்கென எடுத்து வைத்துவிட்டு, எஞ்சியதில் 350 கிராம் மாவு, 230 மில்லிலிட்டர் நீர், 12 கிராம் உப்புச் சேர்த்து ஈரக்கையால் கலக்குங்கள். நெடுநேரம் பிசைய வேண்டுவதில்லை. எண்ணெய் தடவிய தகரத்தில் இட்டு, மேற்பரப்பில் சிறு வெடிப்புகள் தோன்றும்வரை இரண்டு மணி நேரம் போல் வைத்து, 230 பாகை வெப்பத்தில் 15 நிமிடமும், 190 பாகையில் 45 நிமிடமும் சுடுங்கள். ஆறியபின் துணியில் சுற்றி, மறுநாள்தான் அறுக்க வேண்டும். அதற்குமுன் அறுத்தால் கத்தியில் ஒட்டும்.

பின்லாந்தின் நாட்டுப்புற வீடுகளில் மாவு பிசையும் மரத்தொட்டியைக் கழுவாமலே வைத்திருப்பர். பலகையில் ஒட்டிய மாவே அடுத்த ரொட்டிக்குப் புளிப்பாகும். அந்நாட்டின் மேற்குப் பகுதியில் ஆண்டிற்குச் சில முறையே ரொட்டி சுட்டு, நடுவில் துளையிட்ட வட்டங்களாக உத்தரத்துக் கழிகளில் கோத்து வைத்தனர். 1866 முதல் 1868 வரை நிலவிய கொடும் பஞ்சத்தில் பைன் மரப்பட்டையையும் மாவில் கலந்து உண்டனர். லெனின்கிராடு முற்றுகையில், 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை, குழந்தைகளுக்கும் பிறரைச் சார்ந்திருப்போர்க்கும் நாளொன்றுக்குக் கிடைத்தது 125 கிராம் ரொட்டியே. அதுவும் கலப்பு மாவில் சுட்டது. பின்லாந்து விடுதலை பெற்று நூறாண்டு நிறைந்த 2017இல், மக்கள் வாக்களித்துத் தேசிய உணவாகத் தேர்ந்தது ரை ரொட்டியையே என்பதில் வியப்பில்லை.

நம் அங்காடிகளில் ரை எளிதிற் கிடைப்பதன்று. கிடைத்தால் முழுத் தானியமாக வாங்கி அரைத்துச் செய்து பாருங்கள். கைப்பிடிப் புளிமாவை எடுத்து வைக்க மட்டும் மறவாதீர்கள். அயலூர்க் குளிரில் இட்லி மாவு புளிக்கக் காத்திருந்த நம் இல்லத்தரசிகளுக்கு அதன் மதிப்பைப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை.