மின்னல் பையனின் 20 வருடப் பயணம்

செஸ் ஆட்டம் என்றதும் என்ன நினைவுக்கு வரும்? இரண்டு பேர் கன்னத்தில் கை வைத்தபடி சிலை போல உட்கார்ந்திருப்பார்கள். ஒரு காயை நகர்த்த அரை மணி நேரம் கூட ஆகும்!

1980களில் சென்னைப் பையன் ஒருவன் இதைத் தலைகீழாக மாற்றினான். எதிரில் இருப்பவர் மண்டையைக் குடைந்து யோசித்து ஒரு காயை நகர்த்தினால், இவன் 'டக்'கென்று பதில் நகர்த்தல் செய்துவிடுவான். பெரிய பெரிய ஆட்டக்காரர்களே ஆடிப்போனார்கள். 'மின்னல் பையன்' என்று அவனுக்குப் பட்டப்பெயர் வந்தது.

யார் என்று கண்டுபிடித்து விட்டீர்களா? இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் விஸ்வநாதன் ஆனந்த்தான்!

1969 டிசம்பர் 11-ம் தேதி மயிலாடுதுறையில் பிறந்தவர் ஆனந்த். வீட்டில் கடைக்குட்டி. ஆறு வயதில் செஸ் சொல்லிக் கொடுத்தவர் அம்மா சுசீலா. அப்பாவுக்கு ரயில்வே வேலை. அது அவர்களைப் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தலைநகர் மணிலாவுக்கு அழைத்துச் சென்றது.

அங்கே டிவியில் தினமும் மதியம் ஒரு செஸ் நிகழ்ச்சி. முடிவில் ஒரு புதிர் போடுவார்கள். ஆனந்த் அப்போது பள்ளிக்கூடத்தில் இருப்பானே! அதனால் அம்மா புதிரைக் குறித்து வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். பரிசு மேல் பரிசாக வாங்கிக் குவித்ததில் டிவிக்காரர்களுக்கே தாங்கவில்லை. 'வேண்டிய புத்தகங்களை எடுத்துக் கொள். இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே' என்று சொல்லிவிட்டார்களாம்!

அந்த வேகம் எங்கிருந்து வந்தது? சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் இருந்த 'தால் செஸ் கிளப்'தான் காரணம். போர்டுகள் கொஞ்சம், பையன்கள் அதிகம். ஜெயித்தவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். தோற்றவன் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். ஐந்து நிமிட ஆட்டம் வேறு. எழுந்திருக்காமல் ஆட வேண்டுமானால் வேகமாகவும் ஆட வேண்டும், ஜெயிக்கவும் வேண்டும்!

1983-ல் தேசிய சப்-ஜூனியர் போட்டி. ஒன்பது ஆட்டங்கள், ஒன்பதிலும் வெற்றி. 1987-ல் உலக ஜூனியர் சாம்பியன். அந்தப் போட்டி நடந்தது எங்கே தெரியுமா? புதிருக்குப் பரிசு வாங்கிய அதே பிலிப்பைன்ஸில்! அடுத்த ஆண்டு, 18 வயதில், கிராண்ட் மாஸ்டர்.

இனி என்ன, உலக சாம்பியன் பட்டமும் மின்னல் வேகத்தில் கிடைத்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை குட்டீஸ்.

1995-ல் நியூயார்க்கில் காஸ்பரோவுடன் உலகப் பட்டத்துக்காக மோதினார். முதல் எட்டு ஆட்டங்களும் டிரா. ஒன்பதாவதில் ஆனந்த் வெற்றி! ஆனால் அடுத்த ஐந்து ஆட்டங்களில் நான்கில் தோற்றார். பட்டம் போயிற்று. 1998-ல் கார்போவிடமும் தோல்வி. அது கொஞ்சம் அநியாயம் என்றே தோன்றுகிறது. ஆனந்த் பல வாரங்கள் வரிசையாக ஆடி, பலரை வென்று, களைத்துப் போய் வந்தார். கார்போவோ நேராக இறுதிப் போட்டிக்கு, நன்றாக ஓய்வெடுத்துவிட்டு வந்தார்!

2000-ல் டெஹ்ரானில் ஷிரோவை வென்று முதல் முறையாக உலக சாம்பியன் ஆனார். அப்போது உலகப் பட்டம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. பிறகு அது ஒன்றானது. 2007-ல் மெக்சிகோவில் அந்த முழுப் பட்டத்தையும் வென்றார். ஜூனியர் பட்டம் வாங்கிச் சரியாக 20 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆனாலும் ஆனந்தின் கதையில் மிகவும் சுவையான பகுதி 2010-ல்தான். பல்கேரியா நாட்டுத் தலைநகர் சோபியாவில், அந்த நாட்டு வீரர் டோபலோவுடன் மோத வேண்டும். வழியில் ஜெர்மனியின் பிராங்பர்ட் விமான நிலையத்தில் இறங்கினார் ஆனந்த். அந்த நேரம் பார்த்து ஐஸ்லாந்தில் ஓர் எரிமலை வெடித்தது! சாம்பல் வானமெல்லாம் பரவியதால் ஐரோப்பாவில் விமானங்கள் நின்றுவிட்டன.

என்ன செய்வது? ஒரு வேனைப் பிடித்தார்கள். ஆஸ்திரியா, ஹங்கேரி, ருமேனியா என நாடு நாடாகக் கடந்து சுமார் 40 மணி நேரப் பயணம். பொழுது போக, 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படம் பார்த்தார்களாம்.

போட்டியை மூன்று நாள் தள்ளி வைக்கும்படி ஆனந்த் கேட்டார். ஒரு நாள்தான் கிடைத்தது. முதல் ஆட்டத்தில், தயாரித்து வைத்திருந்த நகர்த்தல்களின் வரிசை குழம்பிவிட்டது. டோபலோவ் ஒரு குதிரையைப் பலி கொடுத்து ஆனந்தின் ராஜாவை வெளியே இழுத்தார். 30 நகர்த்தல்களில் ஆனந்த் தோல்வி!

மறுநாளே இரண்டாவது ஆட்டம். அதில் ஆனந்த் ஜெயித்தார். நான்காவதிலும் ஜெயித்தார். எட்டாவதில் தோல்வி. பதினோரு ஆட்டம் முடிந்தபோது இருவரும் சமம்! இதற்கிடையே ஆனந்துக்கு ஆலோசனை சொல்லி உதவியவர்கள் யார் தெரியுமா? அவரை முன்பு வென்ற காஸ்பரோவும், அவரிடம் தோற்ற கிராம்னிக்கும்!

கடைசி ஆட்டத்தில் ஆனந்துக்குக் கறுப்புக் காய்கள். டிரா ஆனால் அதிவேக ஆட்டங்கள் மூலம் சாம்பியனை முடிவு செய்வார்கள். அதிவேகமா? அது மின்னல் பையனின் கோட்டை ஆயிற்றே! அங்கே போக டோபலோவுக்கு விருப்பமில்லை. டிராவைத் தவிர்த்து முட்டி மோதினார். அதனாலேயே அவருடைய ராஜா பாதுகாப்பின்றி மாட்டிக் கொண்டது. ஆனந்த் அவசரப்படவில்லை. 56 நகர்த்தல்களில் வெற்றி. 6.5 - 5.5 என்ற கணக்கில் பட்டம் அவரிடமே நின்றது.

2012-லும் பட்டத்தைக் காப்பாற்றிய ஆனந்த், 2013-ல் சொந்த ஊரான சென்னையிலேயே நார்வே வீரர் கார்ல்சனிடம் அதை இழந்தார். கண்ணாடித் தடுப்புக்குள் இருவரும் ஆடியதை வெளியே உட்கார்ந்து பார்த்தவர்களில் ஏழு வயதுப் பையன் ஒருவனும் இருந்தான். அவன் பெயர் குகேஷ்.

பின்னர் ஆனந்தின் அகாடமியிலேயே குகேஷ் பயிற்சி பெற்றார். சுமார் 37 ஆண்டுகள் ஆனந்திடம் இருந்த 'இந்தியாவின் நம்பர் ஒன்' இடத்தை 2023 செப்டம்பரில் அவரே பிடித்தார்! 2024 டிசம்பரில் சிங்கப்பூரில், 18 வயதில், உலக சாம்பியனும் ஆனார். அப்போது குகேஷுக்குத் துணை நின்ற பயிற்சியாளர் போலந்து நாட்டு கஜேவ்ஸ்கி. இவர் முன்பு யாருக்கு உதவியாளராக இருந்தார் தெரியுமா? ஆனந்துக்கு!