ஊசிமுனையும் இரத்த அழுத்தமும்

இராயபுரம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றால்தான் வடசென்னைவாசிகளுக்கு விளங்கும். துறைமுகத்திலும் எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளிலும் உழைப்போர் நாடும் அவ்விடத்தில் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை இலவசம். வலியே காட்டாது வளர்ந்து பக்கவாதத்தில் தள்ளும் நோய் அது. ஆயினும், 'தினமும் மாத்திரை எதற்கு? சீன ஊசி போதாதா?' என்று கேட்போர் எங்குமுண்டு.

சீன ஊசி நமக்குப் புதிதன்று. 1938-இல் காங்கிரஸ் மகாசபை சீனாவுக்கு அனுப்பிய ஐந்து டாக்டர்களுள் ஒருவரான பிஜோய் குமார் பாசு, பிற்பாடு அங்கே அக்கலையைப் பயின்று, 1959-இல் கல்கத்தாவில் தொடங்கிவைத்தார். கோட்னிஸின் தோழர் அவர்.

ஊசி எவ்வாறு வேலை செய்கிறது? மணிக்கட்டின் உட்புறத்தில் குத்தி மெல்லிய மின்சாரம் பாய்ச்சினால், நரம்பு அச்செய்தியைத் தண்டுவடத்தின் வழியே மூளைக்குக் கொண்டுசெல்கிறது. இரத்தக் குழாய்களை இறுக்குமாறு ஓயாது கட்டளையிடும் பகுதியொன்று மூளையின் அடித்தண்டில் இருக்கிறது. அபினியையொத்த ஒரு பொருளை மூளை தானே சுரந்து அதை அடக்குகிறது, குழாய்கள் தளர்கின்றன. கலிபோர்னியாவில் டாக்டர் ஜான் லாங்ஹர்ஸ்ட் குழுவினர் பூனைகளிடத்தும் எலிகளிடத்தும் கண்டறிந்த உண்மை இது. மந்திரம் ஏதுமில்லை!

2015-இல் அவர்கள் 65 மனிதர்களைச் சோதித்த விவரம் வெளியாயிற்று. வாரத்துக்கு அரைமணி வீதம் எட்டு வாரம் உரிய இடத்தில் குத்தப்பட்டோரில் நூற்றுக்குச் சுமார் எழுபது பேருக்கு அழுத்தம் சராசரி 6 முதல் 8 புள்ளிவரை இறங்கிற்று. 2006-இல் வெளியான மற்றோர் அமெரிக்கச் சோதனையிலோ, 192 பேரிடத்தில் மெய்யான குத்துக்கும் போலிக் குத்துக்கும் வேற்றுமையே தென்படவில்லை.

180-இல் நிற்பவருக்கு எட்டுப் புள்ளி எம்மாத்திரம்? மேலும், கலிபோர்னியாவில் குத்திக்கொண்டோர் மிதமான அழுத்தம் உடையவர்கள். ஒருவரும் அப்போது மாத்திரை உண்டுவந்தவரல்லர். மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசியை நம்பலாமா என்பதை அங்கே எவரும் சோதிக்கவேயில்லை.