சட்டைப் பைக்குள் ஒரு கைப்பை!

குழந்தைகளே, உங்கள் வீட்டில் வயர்க்கூடை இருக்கிறதா? இருந்தால் ஒரு நிமிடம் அதைப் பாருங்கள். உள்ளே ஐந்து கிலோ காய்கறி இருந்தாலும் சரி, ஒன்றுமே இல்லாவிட்டாலும் சரி, அது அடைத்துக் கொள்ளும் இடம் ஒன்றுதான். அதனால் கடைக்குப் போவது என்று முடிவு செய்து கிளம்பினால்தான் கூடையைத் தூக்குகிறோம். டியூஷன் முடிந்து வரும் வழியில் அம்மா போன் செய்து, "அப்படியே அரைக் கிலோ தக்காளி வாங்கிட்டு வந்துடுப்பா" என்றால் என்ன செய்வீர்கள்? கூடை வீட்டில் ஆணியில் தொங்கிக் கொண்டிருக்கும். கடைக்காரரிடம் கவர் கேட்பீர்கள்!

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கத்தையும் அரசு தொடங்கியது. கல்யாண வீட்டில் தேங்காய், வெற்றிலை பாக்கு போட்டுக் கொடுப்பார்களே, அந்தப் பைதான். ஒரு காலத்தில் மஞ்சள் பையோடு பட்டணத்துக்கு வந்தவரைக் கேலி செய்தார்கள். இன்று அதே பையைக் கொண்டு வாருங்கள் என்று எல்லாரும் கெஞ்சுகிறோம். வேடிக்கைதான்!

நம் வீடுகளில் துணிப்பைக்குப் பஞ்சமே இல்லை. பீரோவின் அடித்தட்டைத் திறந்தால் பத்தாவது இருக்கும். தேவைப்படும் நேரத்தில் அவை நம் கையில் இல்லை என்பதுதான் சிக்கல். 'மறக்காதே' என்று சொல்லிச் சொல்லி இதைத் தீர்க்க முடியாது என்பது நாற்பது வருடம் வகுப்பறையில் நின்ற என் கருத்து. மறந்தாலும் நம்மோடு வந்துவிடுகிற பையாக அதைச் செய்துவிட வேண்டும். அப்படியானால் அது சட்டைப் பையிலோ, புத்தகப் பையின் ஓரத்திலோ அடங்க வேண்டும்.

இதை நமக்கு முன்பே யோசித்தவர்கள் இருக்கிறார்கள்.

'ஒருவேளை' என்றொரு பை

பழைய சோவியத் ரஷ்யாவில் நூலால் வலை போலப் பின்னிய ஒரு பை இருந்தது. அதன் பெயர் 'அவோஸ்கா'. ரஷ்ய மொழியில் 'அவோஸ்' என்றால் 'ஒருவேளை கிடைத்தாலும் கிடைக்கலாம்' என்பது போன்ற பொருள். அந்தக் காலத்தில் அங்கே கடைகளில் பல பொருட்கள் எப்போதும் கிடைக்காது. இன்று ஆரஞ்சு வந்திருக்கிறது என்றால் உடனே வரிசையில் நின்றுவிட வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பை எடுத்து வருவதற்குள் தீர்ந்துவிடும். அதனால் வேலைக்குப் போகிறவர்கள் கோட்டுப் பையிலேயே அவோஸ்காவைச் சுருட்டி வைத்திருந்தார்கள். சுருட்டினால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். விரித்தால் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் எல்லாம் கொள்ளும். ஒரே ஒரு குறை. கடுகு வாங்கினால் வழியெல்லாம் கொட்டிக் கொண்டே போக வேண்டியதுதான்!

பாரிஸ் கைப்பையின் ரகசியம்

இனி பிரான்ஸ் நாட்டுக்குப் போவோம். அங்கே 'லோங்ஷாம்' என்று ஒரு நிறுவனம். ழான் கஸ்க்ரேன் என்பவர் 1948இல் தொடங்கியது. முதலில் அவர் செய்தது பை அல்ல. புகைபிடிக்கும் குழாய்களுக்குத் தோல் உறை போட்டு விற்றார்! பிறகுதான் தோல் பொருட்கள், பைகள் என்று வளர்ந்தது. 1970களிலேயே நைலான் துணியையும் தோலையும் சேர்த்துப் பயணப் பைகள் செய்தார்கள்.

அவருடைய மகன் பிலிப் கஸ்க்ரேன் 1993இல் ஒரு கைப்பையை வடிவமைத்தார். ஜப்பானியர்களின் 'ஓரிகாமி' என்னும் காகித மடிப்புக் கலைதான் அவருக்கு யோசனை தந்தது. பையின் பெயர் 'ல ப்ளியாழ்'. பிரெஞ்சு மொழியில் 'மடிப்பு' என்று பொருள். விரித்தால் வாய் அகன்ற பெரிய கைப்பை. மடித்தால் ஒரு சிறிய கதைப் புத்தகத்தின் அளவு. உலகத்தில் அதிகம் விற்ற கைப்பைகளில் இதுவும் ஒன்று. விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும், அது வேறு விஷயம். நமக்கு வேண்டியது அதில் இருக்கும் யோசனை. அதற்குக் காசு கிடையாது!

அதை எப்படி மடிக்கிறார்கள் என்று கவனியுங்கள். பையின் வாய்ப்பக்கம் நடுவில் ஒரு தோல் மூடி இருக்கிறது. அதை ஒட்டியே இரண்டு தோல் கைப்பிடிகள். மற்றதெல்லாம் மெல்லிய நைலான். பக்கவாட்டில் இருக்கும் நைலானை மூடியின் அகலத்துக்கு உள்ளே மடிக்கிறார்கள். பிறகு கீழிருந்து மேலே மடித்துக் கொண்டு வருகிறார்கள். கடைசியில் தோல் மூடியை மேலே போட்டு பிரஸ் பட்டனை அமுக்குகிறார்கள். முடிந்தது.

கெட்டியான தோல் ஒரு இடத்திலும் பல மடிப்பாக மடங்கவில்லை, பார்த்தீர்களா? மடிய வேண்டிய இடமெல்லாம் மெல்லிய துணி. கெட்டிப் பொருள் எல்லாம் நடுப்பகுதிக்குள். பை திறந்திருக்கும்போது வாயை மூடும் அதே தோல்தான், மடித்த பிறகு பொட்டலத்துக்கு உறை. ஒரே துண்டுக்கு இரண்டு வேலை! இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் நம் பைக்கு வேண்டும்.

காகிதப் பைக்கு ஒரு வழக்கு

ஜவுளிக் கடையில் காகிதப் பை கொடுக்கிறார்கள் அல்லவா? மேஜை மேல் தானாக நிற்கும். தட்டினால் தட்டையாகிவிடும். இது சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில் அமெரிக்காவில் காகிதப் பை என்றால் கடிதக் கவர் போலத்தான் இருக்கும், நிற்காது. அடி தட்டையான பையைக் கையால்தான் ஒட்ட வேண்டும்.

மார்கரெட் நைட் என்ற பெண்மணி ஒரு காகிதப் பைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். தட்டை அடியுள்ள பையைத் தானே வெட்டி, மடித்து, ஒட்டும் இயந்திரத்தை அவர் யோசித்தார். மரத்தில் மாதிரி செய்து ஓட்டியும் பார்த்தார். பிறகு இரும்பில் செய்யக் கொடுத்தார். அங்கே வந்து அதைப் பார்த்த சார்லஸ் அன்னன் என்பவர், தானே கண்டுபிடித்ததாகச் சொல்லி உரிமை வாங்கிக் கொண்டார்! நைட் சும்மா விடவில்லை. வழக்குப் போட்டார். தன் வரைபடங்கள், குறிப்புகள், வேலையைக் கண்ணால் பார்த்தவர்களின் சாட்சி எல்லாவற்றையும் முன்னே வைத்தார். வென்றார். 1871இல் காப்புரிமை அவர் பெயருக்கே வந்தது. வரைபடம் வரைந்தால் ஓரத்தில் தேதி போடு என்று நான் வகுப்பில் ஓயாமல் சொன்னதற்கு இந்த அம்மாள்தான் காரணம்.

பக்கவாட்டில் மடிப்பு வைத்து, சுலபமாகத் தட்டையாகும் பைக்கான இயந்திரத்துக்கு 1883இல் சார்லஸ் ஸ்டில்வெல் காப்புரிமை பெற்றார். நிற்கிற பை மடங்கவும் கற்றுக் கொண்டது.

இதில் கணித மேதைகளையே திணற வைத்த ஒரு புதிரும் உண்டு. காகிதப் பையை மடிக்கும்போது உற்றுப் பாருங்கள். காகிதம் லேசாக வளைந்து, நெளிந்து கொடுத்துத்தான் மடங்கும். அந்தக் காகிதத்துக்குப் பதிலாக வளையவே வளையாத தகடுகளை வைத்து, மடிப்புக் கோடுகளில் மட்டும் கீல் போட்டால்? அப்போது உயரமான பை மடங்காது! எரிக் டெமைன், அவருடைய தந்தை மார்ட்டின் டெமைன், டெவின் பால்கம் ஆகியோர் 2004இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். விரிந்த நிலை சரி, தட்டையான நிலையும் சரி. ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழி கிடையாது. பிறகு 2011இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெய்னா வூ, ஷாங் யூ இருவரும் மடிப்புக் கோடுகளையே வேறு மாதிரி போட்டு, கெட்டித் தகட்டிலும் மடங்குகிற பைக்கு வழி கண்டார்கள். அட்டைப் பெட்டிகளை இயந்திரங்களே மடிப்பதற்கும் விரிப்பதற்கும் இப்படிப்பட்ட யோசனை உதவும்.

துணிப்பைக்கு இந்தத் தொல்லை இல்லை. துணி எங்கே வேண்டுமானாலும் வளையும். அதற்கு வேறு ஒரு கணக்கு.

வெளியே போவது காற்றுதான்

மடித்தால் துணி குறைகிறதா? இல்லை. ஒரு நூல்கூடக் குறைவதில்லை. பைக்குள் இருந்த காற்றுதான் வெளியேறுகிறது. பரப்பு குறையக் குறையத் தடிமன் கூடும். நோட்டை எடுங்கள்.

பை 36 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் என்று வைத்துக் கொள்வோம். அகலத்தை மூன்றாக மடித்தால் 12 செ.மீ. உயரத்தை நான்காக மடித்தால் 10 செ.மீ. ஆக, 12க்கு 10 என்ற சின்னப் பொட்டலம். எத்தனை அடுக்கு? பைக்கு முன்னும் பின்னும் 2 துணி. மூன்றாக மடித்ததும் 6. நான்காக மடித்ததும் 24.

துணியின் தடிமன் 0.4 மி.மீ. என்றால், 24 அடுக்குக்கு 9.6 மி.மீ. கிட்டத்தட்ட ஒரு செ.மீ. துணி 0.1 மி.மீ. என்றால் 2.4 மி.மீ.தான்! பாரிஸ் பைக்கு ஏன் நைலான் என்று இப்போது புரிகிறதா? உங்கள் துணியின் தடிமனைக் கண்டுபிடிக்க, இருபது அடுக்காக மடித்து ஸ்கேலால் அளந்து இருபதால் வகுத்துவிடுங்கள்.

நாமே தைப்போம்

ஒரு மீட்டர் காடாத் துணி (90 செ.மீ. அகலம்), 2.5 செ.மீ. அகலமுள்ள பருத்தி நாடா ஒண்ணேகால் மீட்டர், ஒரு பிரஸ் பட்டன் போதும். துணியை வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைத்துத் தேய்த்துக் கொள்ளுங்கள். பருத்தி முதல் சலவையில் சுருங்கும். மெஷினில் தைக்கும்போது அம்மாவோ, பக்கத்துத் தையல்கார அண்ணனோ உடன் இருக்கட்டும்.

பைக்கு 39 செ.மீ. அகலம், 86 செ.மீ. நீளத்தில் ஒரே துண்டு. நடுவில் மடித்தால் அடிப்பக்கம் வந்துவிடும். அங்கே தையலே இல்லை, அதனால் பிரியவும் பிரியாது. இரண்டு பக்கமும் 1.5 செ.மீ. விட்டு இரட்டைத் தையல். வாயை 3 செ.மீ. உள்ளே மடித்து ஓரம் அடியுங்கள். இப்போது சரியாக 36க்கு 40.

கைப்பிடிக்கு 55 செ.மீ. நாடா இரண்டு. எங்கே வைப்பது? பாரிஸ் பையை நினைத்துக் கொள்ளுங்கள்! பக்க ஓரத்திலிருந்து 12 செ.மீ. தள்ளி, நடு மூன்றில் ஒரு பங்குக்குள்ளேயே நாடாவின் இரு முனைகளும் இருக்க வேண்டும். அப்போதுதான் பக்கங்களை மடிக்கும்போது நாடா குறுக்கே வந்து புடைக்காது. முனைகளைச் சதுரமாகத் தைத்து, சதுரத்துக்குள் பெருக்கல் குறி போலவும் தைத்தால் பாரம் தாங்கும்.

இனி உறை. மடிக்கும் பைகள் சிலவற்றுக்குத் தனி உறை கொடுக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. ஒரே வாரத்தில் உறை ஒரு பக்கம், பை ஒரு பக்கம் என்று போய்விடும். உறையைப் பையோடு கட்டிப் போட வேண்டும். அதன் அளவு என்ன? பொட்டலம் 12 செ.மீ. அகலம், நாடாவும் சேர்ந்து தடிமன் 1.6 செ.மீ. என்று வைப்போம். சுற்றளவு 27.2. அதில் பாதி 13.6. அதற்குக் குறைந்தால் நுழையாது. தாராளமாக 15 செ.மீ. அகலம், 13 செ.மீ. உயரம் வைப்போம். தையலுக்கும் ஓரத்துக்கும் சேர்த்து 18க்கு 30 என்று துண்டு வெட்டி, பை போலவே மடித்துத் தையுங்கள். வாயில் பிரஸ் பட்டன். மீதியுள்ள நாடாவில் 8 செ.மீ. எடுத்து, ஒரு முனையை உறையிலும் மறுமுனையைப் பெரிய பையின் உட்புறப் பக்கத் தையலிலும் சேர்த்துத் தைத்துவிடுங்கள். பை விரிந்திருக்கும்போது உறை உள்ளே தொங்கும். அதில் சில்லறையும் கடைச் சீட்டும் வைக்கலாம். அதற்கும் இரண்டு வேலை!

தைத்து முடித்ததும் சோதனை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ. முதலில் மூன்று, பிறகு ஐந்து பாட்டில் போட்டுத் தூக்குங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரம் போதும். கைப்பிடித் தையல் இழுபடுகிறதா என்று பாருங்கள். பிறகு பாட்டில்களை எடுத்துவிட்டு, கைப்பிடிகளை உள்ளே தள்ளி, பக்கங்களை மடித்து, கீழிருந்து நான்காக மடித்து உறைக்குள் போடுங்கள். யாரையாவது கடிகாரம் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால், மடிப்புக் கோடுகளின் மேல் ஒருமுறை இஸ்திரிப் பெட்டி ஓட்டச் சொல்லி மறுபடி பாருங்கள். துணி அந்த வழியிலேயே மடியப் பழகிக் கொள்ளும்.

காடாத் துணி வாங்க வழியில்லையா? பரணில் கம்பி ஒடிந்த பெரிய குடை கிடக்கும். மெல்லியது, நனைந்தாலும் சீக்கிரம் காயும், மடிப்பதற்கு அதைவிட நல்ல துணி சுலபத்தில் கிடைக்காது. கம்பிகளைப் பெரியவர்களை விட்டுக் கழற்றச் சொல்லுங்கள். முனை கண்ணில் குத்தும். குடையின் நடுவில் காம்பு நுழையும் ஓட்டை இருப்பதால் ஒரே நீளத் துண்டு கிடைக்காது. 39க்கு 44.5 அளவில் இரண்டு துண்டுகளாக வெட்டி, அடியிலும் ஒரு இரட்டைத் தையல் போட்டுவிடுங்கள். துணி வழுக்கும், அதனால் தைப்பதற்கு முன் குண்டூசி நிறையக் குத்திக் கொள்ளுங்கள்.