கண்டியில் படம் எடுக்கும்போது தெரிந்திருக்க வேண்டியவை

விடுமுறைக்கு வரும் புலம்பெயர் உறவுகள் வடக்கு, கிழக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் கண்டியிலும் ஒரு நாள் தங்குவது வழக்கம். தலதா மாளிகை, வாவி, பஹிரவகந்த புத்தர் சிலை, பேராதனைப் பூங்கா என எல்லா இடத்திலும் கைத்தொலைபேசியை நீட்டுகிறார்கள். அதில் பெரும்பாலும் தவறில்லை. ஆனால் புத்தர் சிலைக்கு முன்னால் எப்படி நிற்கிறோம் என்பதில் கவனம் தேவை.

ஸ்டூடியோவில் சிக்கிய படங்கள்

2012 ஆகஸ்டில் மூன்று பிரெஞ்சுப் பயணிகளுக்குக் காலி நீதிவான் 6 மாதச் சிறைத்தண்டனை விதித்தார். அவர்கள் கண்டிக்கு அருகில் உள்ள வழிபாட்டுத் தலம் ஒன்றில் புத்தர் சிலையை முத்தமிடுவதுபோலப் படம் எடுத்திருந்தார்கள். படங்களைக் கழுவக் கொடுத்தது காலியில். ஸ்டூடியோவில் இருந்தவர்கள் பொலிஸுக்குத் தகவல் கொடுத்தார்கள். தண்டனை 5 ஆண்டுகளுக்கு ஒத்திவைக்கப்பட்டதால் அவர்கள் சிறை செல்லவில்லை.

தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் எட்டுப் பேரின் கதை வேறு. ஹொரவப்பொத்தானை கிரலாகல தாதுகோபுரத்தின் மேல் ஏறி எடுத்த படங்கள் முகநூலில் பரவியதை அடுத்து, 2019 ஜனவரியில் அவர்கள் கைதானார்கள். பின்னர் விளக்கமறியலில் வைக்கப்பட்டார்கள். அது தொல்பொருள் சின்னம் என்பதால் அந்தச் சட்டமும் பாய்ந்தது.

இரண்டு வழக்குகளிலும் படம் எடுத்த இடத்தில் பிரச்சினை வரவில்லை. படம் மற்றவர் கண்ணில் பட்ட பிறகே வந்தது.

நோக்கம் எப்போது பார்க்கப்படும்?

மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்துடன் செய்யப்படும் செயல்களைத் தண்டனைச் சட்டக்கோவை குற்றமாக்குகிறது. ஆனால் நோக்கம் இருந்ததா என்பது நீதிமன்றத்தில்தான் ஆராயப்படும். கைதும் விளக்கமறியலும் அதற்கு முன்னரே வந்துவிடலாம். ஒரு படத்துக்காகவே கேள்வி கேட்கப்பட்ட காலத்தைக் கடந்து வந்த எம்மவருக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டும் இதிலிருந்து காப்பாற்றாது.

ஆகவே சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்க வேண்டாம். சிலையைத் தொடவோ, அதன் தோற்றத்தைப்போல நடித்துக் காட்டவோ வேண்டாம். தாதுகோபுரத்திலும் பழைய சுவர்களிலும் ஏற வேண்டாம். தோளும் முழங்காலும் மூடிய உடை அணியுங்கள். பிள்ளைகளுக்கு வாகனத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

தலதா மாளிகை வாசலில் உடற்சோதனை உண்டு. 1998 ஜனவரி 25 அன்று விடுதலைப் புலிகள் நடத்திய லொறிக் குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு அங்கே பாதுகாப்பு இறுகியது. சாதாரண நாட்களில் வளாகத்துக்குள் படம் எடுக்கலாம். சில பகுதிகளில் தடை உண்டு, பலகையைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் புனித தந்தம் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டபோது கைத்தொலைபேசிக்கே தடை இருந்தது. அப்படியிருந்தும் தந்தத்தின் படம் எனச் சொல்லப்பட்ட ஒன்று சமூக வலைத்தளங்களில் பரவ, விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. ட்ரோன் பறக்கவிட சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். படையினரையும் சோதனைச் சாவடிகளையும் படம் எடுக்காமல் விடுங்கள்.

எமக்கும் உரிய படங்கள்

இத்தனை கவனத்தோடும் கண்டிக்குப் போகக் காரணம் இருக்கிறது. தபால் அட்டைகளில் காணும் எண்கோண மண்டபத்தையும் வாவியையும் அமைப்பித்தவர் கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். தென்னிந்திய நாயக்க வம்சத்தவர். 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832இல் இறந்தார்.

நகரத்துக்கு வெளியே, 14ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட லங்காதிலக விகாரையின் பாறையில் சிங்களத்தோடு தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. பயணிகளில் பலர் வாசலில் நின்று ஒரு படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். நீங்கள் அந்தப் பாறையையும் பாருங்கள். எழுத்துகளை மிதிக்காமல், தண்ணீரோ சுண்ணாம்போ பூசாமல் படம் எடுங்கள். வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு இந்த நாட்டின் வரலாற்றைச் சொல்ல அந்த ஒரு படம் உதவும்.